காட்டும் கடிதமும் காட்டாத தாளும்: சேசு சபை ஆவணங்களில் நாம்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையின் தலைப்பைச் சொன்னதும் ஒரு தோழர் தொலைபேசியில் கேட்டார்: "பண்டிதர் பௌத்தம் பேசியவர். கிறிஸ்தவத்துக்குள்ள சாதி வச்சிருந்தவங்கள தமிழன்ல கிழிச்சி எடுத்தவர். அவர் நினைவு நாள்ல பாதிரியாருங்க கடுதாசி எதுக்கு தோழர்?" நியாயமான கேள்விதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1907-இல் பண்டிதர் தொடங்கிய இதழ் நமக்கு எப்படிக் கிடைத்தது? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அந்தத் தாள்களைத் தங்கள் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார்கள். வாடகை வீடு மாறும்போதெல்லாம் கூடவே தூக்கிச் சுமந்த காகிதம் எப்படிப்பட்டது என்று நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அப்படிப் பிழைத்ததை ஞான. அலாய்சியஸ் தொகுத்தார். 1999-இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்தது. வெளியிட்டது பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம். அது சேசு சபையினர் நடத்தும் கல்லூரி. ஆகவே பண்டிதருக்கும் இன்றைய பேச்சுக்கும் உறவு இல்லை என்று சொல்லிவிட முடியாது. நாம் எழுதிய காகிதத்தை நாம் காப்பாற்றினோம். நம்மைப் பற்றி எழுதப்பட்ட காகிதத்தை வேறொருவர் நானூறு ஆண்டுகளாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார். அந்த இரண்டாவது பெட்டியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதை ஒன்று. நான் பிளஸ் டூ முடித்த வருடம் சாதிச் சான்றிதழுக்காக அப்பாவும் நானும் அலைந்தோம். எந்த அலுவலகம், எந்தப் பங்கு என்பதெல்லாம் வேண்டாம். எஸ்.சி. என்று கேட்டால் "ஞானஸ்நான சர்டிபிகேட் கொண்டுவா" என்றார்கள். அப்பா பங்குச்சாமியாரிடம் போய் நின்றார். அறைவீட்டு அலமாரியிலிருந்து, மேல்தாள் கிழிந்து துணி ஒட்டிய பெரிய பதிவேடு ஒன்று வந்தது. அப்பாவின் வரியை அவர் விரலால் தேடினார். பெயர், தாய் தகப்பன், ஞானத்தாய் ஞானத்தகப்பன், ஊர் எல்லாம் ஒரே வரியில் இருந்தன. கடைசிக் கட்டத்தில் எங்கள் சாதிப் பெயரின் முதல் மூன்று எழுத்து, லத்தீன் எழுத்தில், ஒரு புள்ளியோடு.

அந்த வரியைத்தான் அலுவலகத்தில் காட்டினோம். அவர்கள் பெயரைப் பார்த்தார்கள், ஞானஸ்நானம் நடந்த தேதியைப் பார்த்தார்கள், கிறிஸ்தவர் என்று முடித்தார்கள். கடைசிக் கட்டத்தை யாரும் பார்க்கவில்லை. எங்களுக்குக் கிடைத்த சான்றிதழ், கிறித்தவ மதத்துக்கு மாறிய ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் என்றது. அந்த வாக்கியத்தை வீட்டுக்குப் போய் மெதுவாகப் படித்துப் பாருங்கள். சாதியைப் பெயர் சொல்லி எழுதிவிட்டு, அதே மூச்சில் அந்தச் சாதி உனக்கு இல்லை என்கிறது அரசு.

நான் சமூகவியல் படிக்கப் போனதற்கு அந்தக் கடைசிக் கட்டம் ஒரு காரணம்.

இதே கட்டத்தை உச்சநீதிமன்றம் ஒருமுறை கேட்டிருக்கிறது. சென்னையில் சாலையோரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைத்த சூசை என்பவரின் வழக்கு அது. சாலையோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. இந்து ஆதிதிராவிடருக்குக் கிடைத்தது. சூசைக்குக் கிடைக்கவில்லை. அவரும் ஆதிதிராவிடர்தான், அவர் கையிலும் அதே ஊசிதான். ஆனால் கிறிஸ்தவர். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்திதான் அவரைத் தடுத்தது. அந்தப் பத்தியில் முதலில் இந்துக்கள் மட்டும் இருந்தார்கள். 1956-இல் சீக்கியர்கள், 1990-இல் பௌத்தர்கள் சேர்ந்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே.

1985-இல் தீர்ப்பு வந்தது, மனு தள்ளுபடி. நீதிமன்றம் சொன்ன காரணத்தை நம்மில் பலர் சரியாகக் கவனிக்கவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது என்று சொல்லி அது வழக்கை முடிக்கவில்லை. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்வதாகக் காட்டினால் மட்டும் போதாது, பழைய மதத்தில் இருந்த இழிவும் முடக்கமும் புதிய மதச் சமூகத்துக்குள்ளும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்று நிறுவ வேண்டும், அதற்குத் தகுந்த சான்று எங்கள் முன் வைக்கப்படவில்லை என்றது. அதாவது, ஆதாரம் எங்கே என்று கேட்டது.

தோழர்களே, ஆதாரம் ரோமில் இருக்கிறது. கொடைக்கானல் மலையில், செண்பகனூரில் இருக்கிறது. பாதிரியார்களே தங்கள் கைப்பட எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு வைத்த ஆதாரம். அதைப் படித்து எடுத்துக்கொண்டு போய் வைக்க ஆளில்லாமல் போனது.

சேசு சபைக்கு ஒரு பழக்கம் உண்டு. அதன் நிறுவனர் இஞ்ஞாசியார் கடிதம் எழுதுவதையே ஒரு ஒழுக்கமாக வைத்தார். உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் மேலிடத்துக்கு எழுது என்பது சபைச் சட்டம். 1542 டிசம்பரில் பேதுரு ஃபேபர் என்ற தன் தோழருக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. முதன்மைக் கடிதத்தை யாரிடமும் காட்டும்படி எழுதுங்கள், நண்பர்களும் பெரிய மனிதர்களும் கேட்டால் எடுத்து நீட்டும்படி இருக்கட்டும், மற்ற விவகாரங்களைத் தனித்தாளில் எழுதி உள்ளே வையுங்கள் என்கிறார். முதன்மைக் கடிதத்தைத் தானே ஒருமுறைக்கு இருமுறை எழுதுவதாகவும் சொல்கிறார். அந்தத் தனித்தாளுக்கு ஸ்பானிய மொழியில் இஹுவேலா என்று பெயர்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. மிஷனரி ஆவணங்களைப் படிக்கும் சாவி இது. காட்டும் கடிதத்தில் நாம் எண்ணிக்கையாக வருகிறோம்: இந்த ஆண்டு இத்தனை ஞானஸ்நானம். காட்டாத தாளில் நாம் பிரச்சினையாக வருகிறோம்: இவர்களை எங்கே உட்கார வைப்பது, இவர்கள் வீட்டுக்குள் நுழையலாமா, நுழைந்தால் ஊர்க்காரன் என்ன சொல்வான். ஐரோப்பியப் பக்தர்கள் படிப்பதற்காக 1702 முதல் பாரிசில் தொகுதி தொகுதியாக அச்சான கடிதங்கள் முதல் வகை. ரோமுக்குள் மூடிய உறையில் போன சண்டைகள் இரண்டாவது வகை. நமக்கு இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டாவது கூடுதலாக வேண்டும்.

மதுரை மிஷன் கதைக்கு வருகிறேன். பலருக்குத் தெரிந்ததுதான், அதனால் வேகமாகச் சொல்கிறேன். மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சேசு சபைக் குரு பரதவக் கிறிஸ்தவர்களுக்குக் கோவில் வைத்திருந்தார். 1606-இல் ராபர்ட் தெ நொபிலி வந்தார். பெர்னாண்டஸைப் பறங்கி என்று உயர்சாதியார் ஒதுக்குவதைக் கண்டார். காவி கட்டினார், மரக்கறி மட்டும் உண்டார், பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டார், தனி வீடு எடுத்தார். நான் பறங்கி அல்ல, ரோமில் உயர்குடியில் பிறந்தவன் என்று ஓலையில் எழுதி அறிவித்தார். மதம் மாறிய பிராமணர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என்றார். பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். கோவாவில் 1619-இல் மாநாடு கூடியது. கடைசியில் 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலி பக்கம் தீர்ப்பளித்தார்.

நொபிலியைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவருடைய தமிழைப் புகழ்ந்துவிட்டுப் போவதும் சுலபம், நம் கல்லூரிகளில் அதுதான் நடக்கிறது. எனக்கு முக்கியம் அவர் வைத்த வாதம். பூணூல் மத அடையாளம் அல்ல, அது சமூகத் தகுதியின் அடையாளம், ஐரோப்பாவில் பிரபு அணியும் உடைபோல. ஆகவே மதம் மாறியவன் அதைக் கழற்ற வேண்டியதில்லை என்றார். ரோம் அதை ஏற்றது.

இப்போது 1950-க்கு வாருங்கள். டெல்லியின் வாதம் என்ன? தீண்டாமை இந்து மதத்தோடு ஒட்டியது, அந்த மதத்தை விட்டவனுக்கு அது கிடையாது என்பது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிராமணன் கோவிலுக்குள் வரும்போது சாதி மதத்தைச் சேர்ந்ததல்ல, சமூகத்தைச் சேர்ந்தது. அதனால் கூடவே உள்ளே கொண்டுவரலாம். சூசை பெட்டிக்கடை கேட்கும்போது சாதி சமூகத்தைச் சேர்ந்ததல்ல, மதத்தைச் சேர்ந்தது; அதனால் தண்ணீர் ஊற்றிய அன்றே போய்விட்டது. ஒரே சாதிக்கு இரண்டு இலக்கணம். பூணூலுக்கு ஒன்று, செருப்பு ஊசிக்கு ஒன்று. 1623-க்கும் 1950-க்கும் இடையில் முந்நூறு வருடத்துக்கு மேல். எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆனாலும் இரண்டு முறையும் கணக்குத் தீர்ந்தது நம் தலையில்தான்.

நொபிலியின் ஏற்பாட்டில் நம் மக்களுக்கு என்ன வழி? பிராமண சந்நியாசியாக வாழும் குரு சேரிக்குள் வர முடியாது, வந்தால் அவருடைய வேடம் கலைந்துவிடும். ஆகவே 1640-இல் பல்தசார் தா கோஸ்தா பண்டாரம் வேடத்தில் இறங்கினார். பண்டாரசாமி என்ற புதுவகைக் குரு வந்தார். பின்னாளில் ஓரியூரில் 1693-இல் வெட்டுண்டு இறந்த அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரிட்டோவும் பண்டாரசாமிதான். ஒரே சபை, ஒரே வார்த்தைப்பாடு, ஒரே தலைவர். ஆனால் பிராமண சந்நியாசியும் பண்டாரசாமியும் ஊரறியச் சேர்ந்து உண்ண முடியாது. சாதியைக் கடந்து வந்தவர்களைச் சாதி எவ்வளவு எளிதாகத் தனக்குள் இரண்டாகப் பிரித்தது பாருங்கள்.

பண்டாரசாமிகள் எல்லாருக்குமான குருக்கள் என்றுதான் ஏற்பாடு. கொஞ்ச காலத்தில் அவர்களைச் சுற்றியும் ஊர்க் கிறிஸ்தவர்கள் வேலி கட்டினார்கள். சேரிக்குள் போய் வந்த சாமியார் எங்கள் வீட்டுக்கு வரக்கூடாது என்றார்கள். சாமியார்கள் கேட்டுக்கொண்டார்கள். விளைவு என்ன தெரியுமா? சாகக் கிடக்கிற பறையர் வீட்டுக்குள் குரு நுழைவதில்லை. நோயாளியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கோவில் பக்கமோ வேறொரு இடத்துக்கோ போக வேண்டும். அங்கேதான் அவஸ்தைப்பூசுதல், அங்கேதான் கடைசி நன்மை. இழுத்துக்கொண்டிருக்கிற உயிரை வெயிலில் தூக்கிச் சுமந்த அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். சுமந்தவர்களின் பெயர் எந்தக் கடிதத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

இது எதிரிகள் கட்டிவிட்ட கதையா என்றால், இல்லை. 1703-இல் போப்பின் தூதராகப் புதுச்சேரியில் வந்து இறங்கிய தூர்னோன், மறு ஆண்டு வெளியிட்ட ஆணையில் இதைத் தடைசெய்தார். அந்த ஆணையில் பூப்பு விழா, தாலி, திருநீறு என்று பல விவகாரம் இருந்தது. கூடவே, பறையர் நோயாளிகளின் வீட்டுக்கு நேரில் போய்த் திருச்சடங்கு கொடுக்க வேண்டும், சாதியைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது என்றும் இருந்தது. தடை செய்கிறார்கள் என்றால் நடந்தது என்று பொருள். 'மலபார் சடங்குகள்' என்று சர்ச் வரலாற்றில் பெயர் பெற்ற சண்டை இது. அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் தமிழர்களை மலபார்கள் என்றுதான் அழைத்தார்கள், அதனால் அந்தப் பெயர். கேரளத்தைத் தேடிப் போய்விடாதீர்கள்.

சேசு சபை அந்த ஆணையை ஏற்கவில்லை. நாற்பது வருடம் மனு, மறுமனு, விளக்கம், காலநீட்டிப்பு. சேரிக்குள் போனால் மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் போய்விடுவார்கள், மிஷன் அழிந்துவிடும் என்பதே அவர்களுடைய வாதத்தின் மையம். நம் மாணவர்கள் எம்.ஏ. ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி இதுதான். ஏனென்றால் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள அவர்கள் எழுதிய ஒவ்வொரு மனுவும், கோவிலுக்குள் தீண்டாமை எப்படி இயங்கியது என்பதற்கு ஒரு வாக்குமூலம். 1744 செப்டம்பரில் போப் பதினான்காம் பெனடிக்ட் கடைசி முடிவைச் சொன்னார். ஆணை உறுதி செய்யப்பட்டது. ஆனால் கூடவே சேசு சபை முன்வைத்த ஒரு யோசனையும் ஏற்கப்பட்டது: பறையர்களுக்கென்றே தனி மிஷனரிகளை நியமிப்பது.

முதலில் பிராமண சந்நியாசி, அப்புறம் பண்டாரசாமி, அப்புறம் பறையருக்கான சாமி. நமக்கு இடம் கேட்டபோதெல்லாம் அவர்கள் அடியில் இன்னொரு தட்டு செய்து கொடுத்தார்கள்.

இதுவரை நான் சொன்னதில் நம் மக்கள் நோயாளிகளாகவும் சுமக்கிறவர்களாகவும் மட்டுமே வந்தார்கள். அதுதான் ஆவணத்தின் தந்திரம். எழுதுகிறவன் கையில் பேனா இருப்பதால், நாம் எப்போதும் எதையாவது பெற்றுக்கொள்கிறவர்களாகத் தெரிகிறோம். அந்தப் பெட்டிக்கு வெளியேயும் தேட வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். இன்றைய உரையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு உங்களுக்குத் தெரியும். அவர் கிறிஸ்தவர் அல்ல, நம் மக்கள்மீது தனிப் பரிவு கொண்டவரும் அல்ல. வணிகர், அரசாங்கத்துக்கு நெருங்கியவர், பார்த்ததையும் கேட்டதையும் எழுதி வைத்தவர். 1745 அக்டோபர் குறிப்பில் சம்பா கோவில் விவகாரம் வருகிறது. சம்பா கோவில் என்றால் புதுச்சேரியில் சேசு சபையார் வைத்திருந்த தூய பவுல் ஆலயம். அதன் வடபக்கம் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் பறையர்கள், மறுபக்கம் மற்றவர்கள். காரைக்காலிலிருந்து ஒரு பாதிரியார் வந்திருக்கிறார். சேரி சேரியாக நம் மக்கள் திரண்டு வந்து பெரிய பாதிரியாரிடம் கேட்கிறார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால் எல்லாரையும் ஒன்றாகத்தானே நடத்த வேண்டும், ஆண்டவர் தன் அடியார்களுக்குள் வேறுபாடு பார்ப்பதில்லையே, சாதிக்காரர்கள் எங்களைத் தள்ளிவைத்தார்கள், நீங்களும் அதற்குச் சம்மதித்தீர்கள், அதற்கு என்ன காரணம் சொல்கிறீர்கள் என்பது அவர்கள் கேள்வியின் சாரம். பாதிரியார் சுவரை எடுக்கச் சொல்கிறார். சுவர் எடுக்கப்படுகிறது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதிக்கிறார்கள், பாதிரியாரோடு கைகலப்பு வரை போகிறது, விவகாரம் கவர்னர் துய்ப்ளேக்ஸ் காதுக்குப் போகிறது.

தேதியைக் கவனியுங்கள். ரோமில் ஆணை வந்தது 1744 செப்டம்பர். புதுச்சேரியில் சுவர் போனது 1745 அக்டோபர். போப் சொன்னார், சுவர் விழுந்தது என்று சர்ச் வரலாறு எழுதினால் அது பாதிதான் உண்மை. சேரியிலிருந்து போய்க் கேட்டவர்கள் இல்லாமல் அந்த ஆணை காகிதமாகவே இருந்திருக்கும். 1704-இலிருந்து நாற்பது வருடம் காகிதமாகத்தானே இருந்தது? கோரேகான் போருக்கு எழுபது வருடம் முன்பு, பண்டிதர் பிறப்பதற்குச் சரியாக நூறு வருடம் முன்பு, தமிழ் மண்ணில் ஒரு கோவில் சுவரை நம் மக்கள் தட்டிக் கேட்டு எடுக்க வைத்திருக்கிறார்கள். இது நம் எந்தச் சுவரொட்டியிலும் இல்லை.

சுவர் திரும்பத் திரும்ப வந்தது என்பதும் உண்மை. 1773-இல் சேசு சபையே கலைக்கப்பட்டு, 1830களின் இறுதியில் பிரெஞ்சுக் குருக்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பினார்கள். வடக்கன்குளத்தில் 1872-இல் கால்சட்டை வடிவில் இரண்டு கைகளும் நடுவில் சுவருமாகக் கோவில் எழும்பியது, ஒரு கை பிள்ளைமாருக்கு, மறு கை நாடார்களுக்கு. 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. பிள்ளைமார் வழக்குப் போட்டார்கள், சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். பாடப்புத்தகங்களில் மேற்கோள் காட்டப்படும் வழக்கு. ஆனால் அந்த வழக்கின் இரண்டு பக்கத்திலும் நாம் இல்லை. நமக்கு அந்தக் கால்சட்டையில் மூன்றாவது கால் கிடையாது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பற்றி இந்த அரங்கில் நான் விளக்க வேண்டியதில்லை. செத்த பிறகும் தள்ளிப் படு என்கிற சுவர் அது.

இந்தக் கடிதங்களை இதுவரை யாரும் படிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே படித்திருக்கிறார்கள். ஜோசப் பெர்த்ரான் என்ற சேசு சபைக் குரு 1847 முதல் 1854 வரை நான்கு தொகுதிகளாகப் பழைய மதுரை மிஷன் கடிதங்களைப் பிரெஞ்சில் வெளியிட்டார். சத்தியநாத ஐயர் 1924-இல் மதுரை நாயக்கர் வரலாறு எழுதியபோது இந்தக் கடிதங்களைப் பெரிதும் பயன்படுத்தினார். எதற்கு? திருமலை நாயக்கர் எந்தப் படையை எங்கே அனுப்பினார், எந்த ஆண்டில் பஞ்சம், தஞ்சையை மராத்தியர் எப்போது பிடித்தார்கள் என்பதற்கு. அதே கடிதத்தின் அடுத்த பத்தியில் சேரி இருந்தது. அரசர்களை எடுத்துக்கொண்டு சேரியை அங்கேயே விட்டுவிட்டார்கள். பின்னாளில் டேவிட் மாஸ் என்ற மானிடவியலாளர் இலண்டனிலிருந்து வந்து, இராமநாதபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தங்கி, சேசு சபை ஆவணங்களையும் படித்து 2012-இல் பெரிய நூல் எழுதினார். நல்ல நூல், படியுங்கள். ஆனால் அதைப் படிக்கும்போது எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது, மறைக்கவில்லை. அவர் கையில் எடுத்த கட்டை என் அப்பாவின் கையில் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையையும் பேசியாக வேண்டும். போன மாதம் ஒரு கூட்டத்தில் இதில் பாதியைச் சொன்னபோது ஓர் இளைஞர் எழுந்து கேட்டார்: "அக்கா, இதெல்லாம் ஆர்.எஸ்.எஸ்.காரன் கையில கிடைச்சா, பாத்தியா மதம் மாறியும் சாதி போகலைன்னு தூக்கிட்டு அலைவானே?" அலைவான். இப்போதே அலைகிறான். அதற்காக நாம் வாயை மூடினால் சூசைக்குச் சாட்சி சொல்ல யார் வருவார்? அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இந்த ஆவணத்திலேயே இருக்கிறது. சம்பா கோவில் சுவரை வைக்கச் சொன்னது வேதாகமம் அல்ல, அதற்கு வெளியே இருந்த ஊர். கோவிலுக்குள் சுவர் இருந்ததால் நம் மக்கள் பழைய கோவிலுக்குத் திரும்பிப் போய்விடவில்லை. அங்கே சுவர்கூடத் தேவைப்படவில்லை, வாசலே கிடையாது. இங்கே உள்ளே வந்து, உள்ளே நின்று, எடு என்று கேட்டார்கள். மதமாற்றம் பொய் என்பதற்கு இந்தக் காகிதங்கள் சான்று அல்ல. மதம் மாறியவனைச் சாதி துரத்திக்கொண்டு போனது என்பதற்குச் சான்று. அப்படியானால் அவனுக்குப் பாதுகாப்பும் கூடவே போக வேண்டும். 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது இந்தத் திசையில்தான். 2022 அக்டோபரில் இதே கேள்விக்கு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். ஆணையத்துக்கு மேல் ஆணையம். ஒவ்வொரு முறையும் தரவு கொண்டுவா என்கிறார்கள்.

சர்ச் இதை மறுக்கிறதா? இப்போது மறுப்பதில்லை. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையில், நாட்டிலுள்ள 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று அவர்களே சொல்கிறார்கள், உள்ளே தீண்டாமை இருப்பதையும் ஒப்புக்கொள்கிறார்கள். சேசு சபைக்குள்ளேயே 1980களின் பிற்பகுதியிலிருந்து தலித் பக்கம் நின்றவர்கள் உண்டு. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தபோது வெளியிட்டது மதுரையில் அவர்களுடைய சமூக ஆய்வு மையம்தான். கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த ஒரு தலித் பெண்ணின் குரலை ஒரு துறவற சபையின் நிறுவனமே அச்சிட்டது சின்ன விஷயம் அல்ல. எனக்கு அந்த நன்றி உண்டு. நன்றி இருக்கிறது என்பதற்காகக் கணக்குக் கேட்காமல் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

என்ன கணக்கு? மன்னிப்பு அறிக்கைகள் நிறையக் கேட்டாயிற்று. நான் கேட்பது அதைவிடச் சின்னது, ஆனால் வேலை அதிகம். மதுரை மிஷனின் கடிதங்கள் போர்த்துக்கீசியத்திலும் லத்தீனிலும் இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் இருக்கின்றன. யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்களுடைய மொழியில் இல்லை. சபையிடம் பணம் இருக்கிறது, அச்சகம் இருக்கிறது, மொழி தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். நம்மைப் பற்றிய பக்கங்களையாவது தமிழில் கொடுங்கள். ஆணையத்தின் முன்னும் நீதிமன்றத்தின் முன்னும் வைக்கும்படி சான்றளித்த நகல் கொடுங்கள். பங்குகளில் கரையான் தின்றுகொண்டிருக்கும் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் படமெடுத்து வையுங்கள், கடைசிக் கட்டத்தை வெட்டிவிடாமல். இதைக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாதியை எழுதுவது தவறு என்று உணர்ந்த நல்ல மனம் கொண்ட சாமியார்கள் சிலர், புதிதாகப் படியெடுக்கும்போது அந்தக் கட்டத்தை விட்டுவிடுவதாகக் கேள்விப்படுகிறேன். அவர்கள் நோக்கம் நல்லது. ஆனால் அடித்தவன் கைரேகையைத் துடைக்கும் வேலை அது.

நம் பக்க வேலையும் இருக்கிறது. இங்கே எம்.ஏ., எம்.பில்., பிஎச்.டி. மாணவர்கள் இருக்கிறீர்கள். உங்களில் இரண்டு பேராவது போர்த்துக்கீசியம் படியுங்கள், இரண்டு பேர் லத்தீன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குருமடத்தில் சேர்ந்து பாதியில் வந்த தம்பிகள் நம் ஊர்களில் எத்தனை பேர்! லத்தீன் மந்திரத்தை மனப்பாடம் சொன்னவர்கள் லத்தீன் பதிவேட்டைப் படிக்கலாம். பெர்த்ரானின் நான்கு தொகுதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரித் தோழர்கள் ஆளுக்கு ஐம்பது பக்கம் எடுத்துக்கொள்ளலாம். கூடவே, எண்பது வயதுக்கு மேற்பட்ட நம் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். கோவிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தோம், நன்மை யாருக்கு முதலில் கொடுத்தார்கள், தேர் எந்தத் தெரு வரை வந்து திரும்பும் என்று அவர்களுக்குத் தெரியும். என் அப்பாயி சொல்லும்: "எங்க தெரு முக்குல வந்து மாதா திரும்பிரும். நாங்க முதுகப் பாத்துத்தான் கும்புடுவோம்." அதையும் தேதி போட்டு, கையெழுத்து வாங்கி வையுங்கள். நமக்கும் ஒரு தனித்தாள் வேண்டும்.

அப்பா இறந்து சில வருடம் ஆகிறது. அந்தப் பங்கில் இப்போது வேறு சாமியார். போன மாதம் போய்ப் பார்த்தேன். பதிவேட்டைக் காட்டினார், அப்பாவின் வரி இருக்கிறது, மூன்று எழுத்தும் புள்ளியும் மங்காமல் இருக்கின்றன. படம் எடுக்கலாமா என்று கேட்டேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் மறுபடி போகிறேன். கூட வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வெளியே புத்தக மேசைப் பக்கம் என்னிடம் பெயர் கொடுங்கள்.

ஜெய்பீம்.